விடுபட்ட பெயர்

"பேனாவைக் கீழே வைங்க!"

மேடையில் நின்ற லுட்கார்ட் டீச்சர் மணியை அடித்துக் கத்தியதும் ஏக்லோ ஊரின் தேவாலயக் கூடம் முழுக்க முனகல் கேட்டது. ஊர் பேண்டு குழுவுக்குப் புது வாத்தியம் வாங்குவதற்காக நடந்த வினாடி வினா அது. வழக்கம்போல முதல் ஆளாகப் பேனாவை வைத்தவர் பேராசிரியர் இக்னாஸ்தான்.

"புரொபசரைப் பாருங்கய்யா, டீச்சர் சொன்னதும் டக்குனு வெச்சுடறாரு. நீங்களும் இருக்கீங்களே!" கறிக்கடை ஓடில் மற்ற மேசைகளில் விடைத்தாள்களைப் பிடுங்கிக்கொண்டு போனார். ஹாமும் சாசேஜும் அடுக்கிய பரிசுக் கூடை அவர் கடை உபயம் என்பதால் அதிகாரம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

டீச்சருக்குக் கூடையைப் பற்றியும் கவலையில்லை, வாத்தியத்தைப் பற்றியும் கவலையில்லை. இந்த மாலைக்காக அவர் ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

இளமையில் வாரப் பத்திரிகையில் புத்தக விமர்சனம் எழுதியவர் அவர். அப்புறம் ஏழு நாவல்கள் எழுதினார். போன வருஷம் இக்னாஸ் மூன்று தடித்த தொகுதிகளாக ஃபிளெமிஷ் மொழி இலக்கிய வரலாறு கொண்டுவந்தார். பன்றி வளர்ப்பைப் பற்றிப் பாட்டு எழுதிய பாதிரியாருக்குக்கூட அதில் அரைப் பக்கம் இருந்தது. லுட்கார்டுக்கு ஓர் அடிக்குறிப்பும் இல்லை.

அன்றிலிருந்து வயிற்றெரிச்சல். சொந்த ஊரில், தெரிந்தவர்கள் எல்லோர் முன்னாலும், அந்த மனிதர் தலை குனிய வேண்டும். வினாடி வினா நடத்தும் வேலையை டீச்சரே கேட்டு வாங்கிக்கொண்டதும், இக்னாஸ் வீட்டுக்கே போய்ச் சிரித்த முகத்தோடு அழைத்ததும் இதற்காகத்தான்.

"கடைசிக் கேள்வி," என்றார் டீச்சர். "நம்ம புரொபசர் பெரிய இலக்கிய வரலாறு எழுதியிருக்காரு. சொந்தமா ஒரு வரி எழுத வராட்டாலும், அடுத்தவங்க எழுதினதை நல்லா எடை போடுவாரு."

கூடம் சிரித்தது. இக்னாஸும் சிரித்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

"இந்த ஏக்லோவுலயே பொறந்த ஒரு எழுத்தாளரை அந்த மூணு தொகுதியிலயும் மறந்துட்டாரு. யார் அந்த எழுத்தாளர்?"

மேசைகளில் "ஓ..." என்று சத்தம் எழுந்தது. எல்லோரும் இக்னாஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரோ கேள்வி முடிவதற்குள் எழுதிவிட்டு பீரைக் கையில் எடுத்திருந்தார்.

"பேனாவைக் கீழே வைங்க!" மணியை டீச்சர் தேவைக்கு மேலேயே அடித்தார். "ஓடில், எல்லாத்தையும் சத்தமா படிங்க. மைக்குல படிங்க."

ஓடில் தொண்டையைச் செருமினார். "பூக்கடை மேசை. 'கல்யாண வாழ்த்து எழுதுவாரே, தபால்கார ஆல்பீன்.' அடுத்தது தீயணைப்பு ஆளுங்க. 'கார்னிவல் பாட்டு எழுதின சிஸ்கா.' சைக்கிள் கிளப்பும் சிஸ்காதான். பேண்டு மேசை... 'யாரையும் மறக்கலை, அதனாலதான் புத்தகம் அவ்வளவு கனம்.'"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. டீச்சரின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"என் தம்பி மேசை?" என்று மெல்லக் கேட்டார்.

"காலியா குடுத்திருக்காங்க டீச்சர். ஓரத்துல ஒரு வாத்து வரைஞ்சிருக்கு."

பழி வாங்க வந்த இடத்தில் தனக்குத்தான் குழி வெட்டிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. மைக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடலாமா என்று இருந்தது.

"கடைசித் தாள், நம்ம புரொபசரோடது." ஓடில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "லுட்கார்ட் வான் ஹுல்லே. அட, நம்ம டீச்சரு! நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களா?"

சரியான விடை அது ஒன்றுதான்; அந்தப் புள்ளியோடு பரிசும் புரொபசருக்கே. பேண்டு குழு முழங்க, இக்னாஸ் மேடையேறி வந்தார். கூடையைத் தூக்கிக் கொடுக்கும்போது டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்குக்கு எட்டாமல் கேட்டார்.

"என்னைப் படிச்சிருக்கீங்களா?"

"ஏழு நாவலும் படிச்சிருக்கேன் மேடம். மூணாவது ரொம்ப நல்ல நாவல். அதுக்கே தனியா ஒரு அத்தியாயம் எழுதலாம்."

ஒரு வருஷத்துக் கோபம் அந்தப் பாராட்டில் கரைந்தது. "அப்புறம் எப்படிங்க என்னை மறந்தீங்க?"

"மறக்கலையே. வேணும்னேதான் விட்டேன்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"சின்ன வயசுல நான் ஒரு கவிதைப் புத்தகம் போட்டேன். அதுக்கு ஒரே ஒரு விமர்சனம் வந்துச்சு. அன்னைக்கோட கவிதை எழுதறதை விட்டவன்தான், இன்னை வரைக்கும் எழுதலை." இக்னாஸின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "அந்த விமர்சனத்தை எழுதினது நீங்க."

டீச்சர் எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். அந்தப் புத்தகம் ஞாபகம் வரவில்லை. அதில் இக்னாஸ் என்ற பெயரைப் பார்த்ததாகவும் நினைவில்லை.

"அப்படி... என்ன எழுதினேன்?"

இக்னாஸ் கூடையை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"தம்பி, பேனாவைக் கீழே வைங்க."