படத்துக்குக் கீழே ஒரு வரி

“புகழ் ஏற ஏறக் கிறுக்கும் கூடவே ஏறும் போலிருக்கு” என்றார் துணைவேந்தர்.

மக்கள் தொடர்பு அலுவலர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாள் அந்த நாற்காலியில் இத்தனை வருஷம் நீடித்ததே பதில் சொல்லாமல் இருந்துதான்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தின் முதல் கட்டடத்தில் நுழைந்ததும் வலது பக்கம் ‘நமது பெருமைகள்’ என்று ஒரு சுவர். இங்கே படித்துப் பெரிய ஆளானவர்களின் படங்கள். ஒரு நீதிபதி, ஓர் இதய அறுவை நிபுணர், ஒரு தூதர். மூன்றாவது வரிசையில் துணைவேந்தரும் இருந்தார். அவரும் இங்கே படித்தவர்தான்.

நாளைக்கு அந்தச் சுவரில் ஒரு வானிலை விஞ்ஞானியின் படத்தைத் திறக்கிறார்கள். எந்தப் புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, ஊர் ஊராக உயிர்களைக் காப்பாற்றியவர். உலகமே கொண்டாடுகிற மனிதர்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். படத்துக்குக் கீழே, விருதுகளுக்கெல்லாம் மேலாக, இந்த வரி வரவேண்டும்: ‘இரண்டாம் ஆண்டு கணிதத் தேர்வில் தோல்வி அடைந்தவர்.’

இல்லாவிட்டால் படமும் வேண்டாம், விழாவுக்கும் வரமாட்டார்.

“தோல்விங்கிற வார்த்தை அந்தச் சுவர்ல வரலாமா? அப்புறம் அது பெருமைச் சுவரா, சிறுமைச் சுவரா?”

“ரொம்பப் பொடி எழுத்துல போட்டுடலாமா சார்? பக்கத்துல போனாத்தான் தெரியற மாதிரி?”

“பொடி எழுத்துல போட்டா மட்டும் பொய் உண்மையாயிடுமா?”

“பொய்யா?”

“பின்னே? நான்தாம்மா அவருக்குக் கணக்கு எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. மத்தவங்க பேனா மூடியைக் கழட்டறதுக்குள்ள அவர் பாதி பேப்பரை முடிச்சிருப்பார். அவரா ஃபெயில்? எல்லாம் பேர் வாங்கற வித்தை. தோத்தேன், எழுந்தேன்னு கதை விட்டா நாலு பத்திரிகையில வருமில்ல?”

அலுவலருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அடக்கத்தைக்கூட இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வரும் பெரிய மனிதர்களை அவர் நிறையப் பார்த்தாயிற்று.

“போன் போடுங்க. ஸ்பீக்கர்ல வையுங்க. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்ல வேண்டாம்.”

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார் விஞ்ஞானி.

“சொல்லுங்கம்மா. போர்டு எழுதியாச்சா?”

“இன்னும் இல்ல சார். ஒரு சின்னச் சந்தேகம். நீங்க கணக்குல ஃபெயில் ஆகவே இல்லைன்னு இங்க சிலர் சொல்றாங்க.”

“சரியாத்தான் சொல்றாங்க. நான் ஃபெயில் ஆகலை.”

‘பார்த்தீங்களா?’ என்பது போலத் துணைவேந்தர் கையை விரித்தார்.

“அப்போ எதுக்கு சார் இந்த வரி?”

“ரிசல்ட்டை இன்னும் அந்தச் சுவருக்கு எதிர்லதானே ஒட்டறீங்க?”

“ஆமா சார். எப்பவுமே அங்கதான்.”

“தன் நம்பர் இல்லைன்னு ஒருத்தன் திரும்பினா, நேரே அந்தப் பெரிய மனுஷங்க மூஞ்சியிலதான் முழிக்கணும். என் ரூம்மேட் அப்படித்தான் திரும்பினான். ‘ஏண்டா, இவங்கள்ல ஒருத்தர்கூட ஃபெயில் ஆனதில்லையா?’ன்னு கேட்டான். ‘அரியர் எழுதிக்கலாம், விடுடா’ன்னேன். அவன் கேட்டதுக்கு அது பதில் இல்லையே.”

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார்.

“எங்க கணக்கு சார்கிட்டயும் போய்க் கேட்டிருக்கான். ‘நீங்க எப்பவாவது ஃபெயில் ஆயிருக்கீங்களா சார்?’னு. ‘நானா? கணக்குல எல்லாம் யாராவது ஃபெயில் ஆவாங்களாய்யா?’ன்னு அவர் சிரிச்சிருக்கார். அவரைக் குத்தம் சொல்லலைம்மா. அவருக்கும் சின்ன வயசு. அன்னைக்குச் சாயங்காலம் இவன் பெட்டியைக் கட்டினான். நான்தான் பஸ் ஏத்தி விட்டேன். அவன் வீடு போய்ச் சேரலை. உடம்புதான் போய்ச் சேர்ந்துச்சு.”

விஞ்ஞானியே தொடர்ந்தார்.

“எங்கேயோ நடுக்கடல்ல கிளம்பற புயலை முன்கூட்டியே சொல்றேன்னு எனக்குப் பட்டம் மேல பட்டமா குடுக்கறாங்க. பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவனைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலைம்மா.”

அலுவலருக்கு மேலே கேட்க மனமில்லை. ஆனாலும் கேட்டார். “இருந்தாலும் பொய்யைப் போய் எப்படி சார் சுவர்ல…”

“பொய்தான். அங்க தொங்கறவங்கள்ல ஒருத்தராவது உண்மையைச் சொல்லியிருந்தா, எனக்கு இந்தப் பொய் தேவைப்பட்டிருக்காது. யோசிச்சுச் சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டார்.

துணைவேந்தர் விரித்த கை மேஜைமேல் அப்படியே கிடந்தது.

“அவர்கிட்ட என்ன சார் சொல்றது?”

“அவர் படத்துக்குக் கீழே அந்த வரி வராதுன்னு சொல்லுங்க. பல்கலைக்கழகச் சுவர்ல பொய்யைப் போட முடியாது.”

இந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று இருந்தது அலுவலருக்கு. வழக்கம்போல அதையும் சொல்லாமல் எழுந்தார்.

“இருங்க. மூணாவது வரிசையில இருக்கற என் படத்தை இறக்கச் சொல்லுங்க. அந்த வரி அதுல வரட்டும். எழுத்து நல்லாப் பெரிசா இருக்கணும். எதிர்ல ரிசல்ட் பார்க்கறவன் அங்கிருந்தே படிக்கணும்.”

அலுவலர் விழித்தார். “சார், அதுவும் பொய்தானே?”

“இல்லம்மா, அது உண்மை” என்றார் துணைவேந்தர். “அன்னைக்கு அந்தப் பையன் கேட்டப்போ நான் சிரிச்சேன் பாருங்க, அதுதான் பொய்.”