எலும்பு எங்கே?

“எலும்பு எங்கே, மகளே?”

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்த நர்ஸ் சபாஹிடம் அப்துர் ராதி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

சபாஹுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே படுத்திருப்பது இந்த மனுஷன் பெற்ற மகள். பதினான்கு வயது ராவ்யா. முழங்காலுக்குக் கீழே எலும்பில் கட்டி. ஊர் டாக்டர்கள் எல்லோரும் காலையே எடுத்துவிடச் சொன்னார்கள். கெய்ரோவில் டாக்டர் வஜீஹ் ஒருவர்தான் காலைக் காப்பாற்றிப் பார்க்கிறேன் என்றார்.

“பொண்ணு எப்படி இருக்கான்னு கேக்கத் தோணலையா ஹாஜி?”

“எப்படிம்மா இருக்கா?”

“நல்லா இருக்கா. தையல் போட்டுக்கிட்டிருக்காங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எலும்பு?”

அவர் காலடியில் ஒரு ஐஸ் பெட்டி. அதன் மேல் மடித்து வைத்த வெள்ளைத் துணி. விடிந்ததிலிருந்து அதற்குக் காவலாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“மெடிக்கல் காலேஜ் பசங்க எலும்புக்கு நல்ல விலை கொடுக்கிறாங்களாம்” என்றாள் எதிர் பெஞ்சுக்காரி, அவர் காதில் விழும்படியே. “தெக்கத்தி ஆளுங்க, விவரம்தான்!”

சபாஹுக்கு ராவ்யாவை நினைத்துப் பாவமாக இருந்தது. இருட்டென்றால் பயம் என்று வார்டில் விளக்கை அணைக்கவே விடாத பெண். இப்படி ஓர் அப்பனா!

டாக்டர் வஜீஹ் வெளியே வந்தார். பெஞ்சிலிருந்த எல்லோரும் மரியாதையாக எழுந்தார்கள். அப்துர் ராதி எழவில்லை. தரை தொடும் கலபிய்யா அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“எழுந்திருங்க ஹாஜி! காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே வேலை பார்த்துட்டு வர்றார்” என்று சபாஹ் பல்லைக் கடித்தாள்.

“உங்க கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது, பாஷா” என்றார் அவர் டாக்டரிடம் மரியாதையாக. “அந்த எலும்பைக் கொடுத்தீங்கன்னா இன்னிக்கு ரயில்லேயே அனுப்பிடுவேன். ஊர்ல என் மச்சான் குழி வெட்டிட்டுக் காத்திருக்கான்.”

“உசுரோட இருக்கிற பொண்ணுக்குக் குழியா?”

“பொண்ணுக்கு இல்ல பாஷா, எலும்புக்கு. அவ உடம்புல இருந்தது குப்பைக்குப் போகக் கூடாதில்லையா?”

டாக்டருக்குக் கோபம் வந்தது. “நேத்து உங்களை உட்கார வெச்சு அவ்வளவும் சொன்னேனே! காதுல என்னதான் விழுந்துச்சு?”

“எலும்பை வெளியே எடுப்போம்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் எனக்கு எதுவுமே விழல, பாஷா.”

டாக்டர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அதுக்கப்புறம் சொன்னதுதான் விஷயமே. எலும்பை எடுத்தோம். கட்டியைச் சுத்தமாச் சுரண்டினோம். உங்க ஐஸெல்லாம் பிச்சை வாங்கணும், அப்படி ஒரு குளிர்ல அதை முக்கி நோயைக் கொன்னோம். அப்புறம் அதே எலும்பை அதே இடத்துல வெச்சுத் தகடு போட்டு முடுக்கியாச்சு.”

“திருப்பி வெச்சுட்டீங்களா?”

“வெச்சாச்சு. அது ஒட்டிச் சேர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் கட்டையை ஊணி நடக்கட்டும். அப்புறம் தன் கால்லேயே நடப்பா.”

அப்துர் ராதி செல்போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார்.

“மஹ்ரூஸ், குழியை மூடிடு. ஆமாடா, என் காலுக்குப் பக்கத்துல வெட்டினதைத்தான். மூடிடு!”

போனை வைத்துவிட்டு அழுதார்.

டாக்டர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்துர் ராதியும் மெல்ல எழுந்தார். கலபிய்யா ஒதுங்கியதில் இடது செருப்புக்குள் இருந்த மரப்பாதம் தெரிந்தது. எதிர் பெஞ்சுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கரும்பு ஏத்திப் போற ரயில் கால்ல ஏறினது, பாஷா. இவ பிறக்கிறதுக்கு முன்னாடி. அந்தக் கால் ஊர் மண்ணுலதான் இருக்கு” என்றார் அவர்.

சபாஹ் ஐஸ் பெட்டி மேலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து நீட்டினாள். அதில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

“அவ இருட்டுல தனியாப் படுக்க மாட்டா, மகளே. அதான் என் காலுக்குப் பக்கத்துலேயே குழி வெட்டச் சொன்னேன்.”