தேங்காய் இறங்காத தொண்டை

ஜெகதாப்பட்டினத்துக் கரையில் ஒதுங்கிச் செத்த திமிங்கிலத்தின் வாய்க்குள் காலை வெயில் விழுகிறது. பல்லே இல்லை, மேல்தாடை நெடுக விளக்குமாற்றைப்போல் மயிர் தொங்குகிறது, அதில் கூனி இறால் அப்பிக் கிடக்கிறது. படகு முதலாளியான சம்மாட்டி உள்ளே கையை விட்டுப் பார்க்கிறார். "தொண்டையில ஒரு தேங்காகூட எறங்காது. கூனியத் தண்ணியோட மொண்டு, தண்ணிய வடிச்சுட்டு முழுங்குற சீவன் இது." கூட்டம் மெல்லச் சூசையின் பக்கம் திரும்புகிறது. போன ஆடிக் காற்றில் அக்காள் புருஷனோடு கடலுக்குப் போய், பாய்வள்ளத்தோடு தனியே கரையேறி, அவரைத் திமிங்கிலம் முழுங்கிவிட்டது என்று அழுதவன் அவன்தான். அவனுக்குக் காதுமடல் சுடுகிறது. கால் பெருவிரல் ஈரமணலைத் தோண்டிக்கொண்டே இருக்கிறது. வெள்ளைச் சேலையில் நிற்கும் அக்காள் மிக்கேலம்மாள், அந்தத் தொண்டையை விட்டுக் கண்ணெடுக்காமல், தணிந்த குரலில் கேட்கிறாள். "அப்ப, தண்ணியில கெடந்து ஒன்னையக் கூப்பிட்டிருப்பாகல்ல, தம்பி?"