கங்காணி குரல்

"ஏண்டி முழிக்கிற? வாயில என்ன, ரப்பர் பாலா உறைஞ்சு கெடக்கு?"

கங்காணி சன்னாசியின் குரல். வெற்றிலை குதப்பிய அதே கொழகொழப்பு. ஆம்புரோஸ் பதறிப்போய் லயத்து வீடுகளின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

கங்காணியைக் காணோம். ஆம்புரோஸின் தங்கச்சி எல்ஸிதான், இல்லாத தொந்தியை முன்னே தள்ளிக்கொண்டு நின்றாள். எதிரே கைக்குழந்தையோடு இருளாயி, வெலவெலத்துப் போய்.

எல்ஸியின் காதைத் திருகி வீட்டுக்கு இழுத்து வந்தான்.

"அந்தக்கா படுற பாடு தெரியாதா ஒனக்கு? புள்ளையை ஆயாக்கொட்டாயில விட்டுட்டு, பக்கத்துக் காட்டுல ரப்பர் மரத்துல பால் வெட்டிக்கிட்டிருந்துச்சு. கங்காணி மலைக்காட்டுக்குத் தூக்கிப் போட்டுட்டான். நடுவுல ஓடிவந்து பால் குடுக்க வழியில்ல. நாளைக்குப் பெரட்டுல தொரை பேர் கூப்பிடறப்ப அதுவே வாயைத் தொறந்து சொல்லணும். கங்காணி உறுமினாலே அதுக்கு நெஞ்சடைக்குது. நீ வேற பயங்காட்டுறியா?"

செமோர் எஸ்டேட்டில் எல்லாரையும் போலப் பேசிக் காட்டுகிற எல்ஸியின் வாய், பூட்டுப் போட்டதுபோல் இருந்தது.

சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் அதே இடம். இந்தத் தடவை வெள்ளைக்காரத் தொரையின் குரல்!

"யேன்னா பொம்ப்ளே? ஷீக்ரம் ஷொல்லு!"

இருளாயி உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுகிறவள் மாதிரி ஊதிக்கொண்டிருந்தாள். பாவம், அழுகையை அடக்குகிறாள் என்று ஆம்புரோஸுக்குப் பட்டது. எல்ஸியின் முதுகில் ஒன்று வைத்தான்.

மறுநாள் விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. தொப்பியும் பிரம்புமாகத் தொரை வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இருளாயி ஓரடி முன்னே வைத்தாள்.

"எங்கடி வர்ற? போய் நில்லு!" சன்னாசி உறுமினான்.

'மாதாவே!' ஆம்புரோஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

இருளாயி மூக்கால் மெள்ள இழுத்தாள். உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட நீளமாக ஊதினாள். இன்னொரு தடவை. நிமிர்ந்தாள்.

"தொரை! எம்புள்ளைக்குத் தாய்ப்பால்தான் சோறு. மலைக்காட்டுலேருந்து வந்து குடுக்க முடியல. பழைய காட்டுக்கே என்னைப் போடுங்க. என் வெட்டுல கொறை இருந்தா, இந்தா நிக்கிறாரே கங்காணி, சொல்லச் சொல்லுங்க!"

தொரை திரும்பினார். "கோறை இர்க்கா?"

"அ... அது வந்து... தொரை..."

பெண்கள் கூட்டத்திலிருந்து அச்சு அசல் கங்காணி குரலில், "வாயைத் தொறந்து சொல்லேன்யா!" என்று கேட்டது. சன்னாசி தன்னையே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டான்.

தொரை மீசைக்குள் சிரித்தார். "பளைய காடு. போ!"

வரிசையில் நின்ற மாரியம்மா எடுத்துவிட்ட குலவை மலைக்காடு வரைக்கும் போயிருக்கும்.

ஆம்புரோஸ் தங்கச்சியைத் தரதரவென்று இழுத்து வந்து இருளாயி முன்னே நிறுத்தினான். "கேலி பண்ணினியே, இப்பப் பாத்தியா? அக்கா கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு!"

இருளாயி எல்ஸியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"மன்னிப்பா? கங்காணி மாதிரி என்னைத் தெனம் திட்டிப் பழக்குடின்னு கெஞ்சினது நான் தம்பி. யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்லா. எனக்கு மூச்சு விடக் கத்துக்குடுத்தது இவ!"