தூவிப் போர்வை

குளியலறைக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டாள். ஜன்னலையும்.

காற்று கொஞ்சம் பட்டாலும் எல்லாம் பறந்துவிடும்.

திருப்பூரில் மே மாதம். மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, பழைய குளிர்ச்சட்டைகளைப் பிரித்தெடுத்த வாத்துத் தூவியைச் சமையலறைத் தராசில் எடை போட்டாள் வேதவல்லி.

பதினைந்து கிராம் என்றால் இரண்டு கை கொள்ளாது.

மெல்லிய நைலான் துணியில் இருபத்துநான்கு அறைகள் தைத்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் திணித்து, வாயை ஊசி குத்தி மூட வேண்டும்.

ஜூனில் இமயமலையில் ஒரு கணவாய். எட்டு நாள் நடை. அவரவர் சுமையை அவரவரே முதுகில் தூக்க வேண்டும். கடையில் பார்த்த போர்வை ஒன்றரைக் கிலோ. இது அறுநூறு கிராமைத் தாண்டாது.

இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் யார் யார் அளவுக்கோ வெட்டியவள். இதைத் தன் அளவுக்கு வெட்டினாள்.

கணவர் தாமோதரனையும் கூப்பிட்டிருந்தாள். பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. இந்த வயதில் பனியில் போய்ப் படுக்க எனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்டார். தன் பெயரை மட்டும் கொடுத்தாள். அதற்குப்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும்.

கதவு தட்டும் சத்தம்.

அவள் திறந்த இடுக்கில் தாமோதரன் நுழைந்து, உடனே சாத்தினார். சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, ஓர் அறையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

அவள் திணித்தாள்.

அவர் மீசையில் ஒரு தூவி ஒட்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் கடைசித் தையலும் முடிந்தது. கூடத்தில் விரித்து உதறினாள். போர்வை மெல்ல மெல்ல உப்பியது.

அவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கேட்காமலேயே படுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கழுத்தை மூடினால் பாதம் வெளியே. பாதத்தை மூடினால் நெஞ்சு வெளியே.

இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"எனக்குக் காலு வெளியில நிக்குதே, வேதா."

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் எழுந்துவிடுவார்.

பீரோவைத் திறந்து மிச்சத் துணியை எடுத்தாள். பக்கத்தில் மண்டியிட்டு, அளவுநாடாவின் நுனியை அவர் கழுத்தில் வைத்தாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலை நன்றாக நீட்டினார்.