அடுத்த செல்வராணி

போன் எண்கள் ஒழிந்துபோன காலம் அது. பெயரைச் சொன்னால் போதும், உரியவருக்கு அழைப்பு போய்விடும். அவர் எடுக்காவிட்டால் அதே பெயருள்ள இன்னொருவருக்குத் தாவும். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் செல்வராணிக்கு இதனால் தினமும் தலைவலிதான். யார் வீட்டு மாமியார் சண்டையோ காதில் விழும். உடனே துண்டித்துவிடுவாள்.

அன்று காலை ஒரு பெண் அலறினாள். “அம்மா, வலி வந்துட்டும்மா!”

“நான் உங்கம்மா இல்ல, தாயி, வேற செல்வராணி. நீ எங்க இருக்க?”

“கோவில்பட்டி. ஆம்புலன்ஸ் வருது. ஆனா வீட்ல யாருமே இல்லக்கா, பயமா இருக்கு.”

துண்டிக்க மனசு வரவில்லை. எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டாள். கிரேனில் தூக்கிய சரக்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பெயரோடு ஊரையும் சொல்லி கோவில்பட்டிச் செல்வராணிகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். நீதிபதி செல்வராணி விசாரணையில் இருந்தார். கபடி சொல்லிக்கொடுக்கும் செல்வராணி வெளியூரில் இருந்தாள். கறிக்கடைச் செல்வராணிதான், “அடுத்த தெருதான், இந்தா வாரேன்!” என்று கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மதியம் அவளே கூப்பிட்டாள். பின்னால் குழந்தை வீறிட்டது.

“பொம்பளப்புள்ள! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. அவ அம்மாவும் வந்துட்டா.”

கீழிருந்து மேற்பார்வையாளர் வாக்கிடாக்கியில் கத்தினார். “செல்வராணி, வேலையை விட்டுட்டு அங்க என்ன சிரிப்பு?”

“எனக்குப் பேத்தி பொறந்திருக்காண்ணே!”

“உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேம்மா?”

“அது ஆகும்போது ஆகட்டும். நீங்க எல்லாருக்கும் லட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க.”