சிப்பின் மேல் நகச்சாயம்

வண்டிப்பெரியாரில் மாரீஸ்வரியும் புருஷன் பாண்டீஸ்வரனும் நடத்தும் ரிப்பேர் கடைக்குள் சைபர் போலீஸ்காரர் ஒருவர் நுழைந்து, பிரித்த கேம் கன்சோலை மேசையில் வைத்தார்.

“கள்ள கேம் ஓடுறதுக்கு இதுல சிப் வச்சது யாரு? ஈயத்தால பத்தவச்ச இடத்துல சிவப்பு நகச்சாயம் பூசியிருக்கே.”

ஜெயிலை நினைத்ததும் மாரீஸ்வரி, சிவப்பு நகச்சாயம் பூசிய நடுங்கும் விரல்களை முந்தானைக்குள் மறைத்தாள்.

“நான்தான் சார்,” என்றான் பாண்டீஸ்வரன். மொபைலுக்குக் கண்ணாடி ஒட்டுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவன். “இவளுக்கு ஒண்ணுந் தெரியாது. என்னையக் கூட்டிட்டுப் போங்க.”

“அதுக்குத்தான் வந்தேன். எங்க லேபுல இவ்வளவு நேர்த்தியா சால்டரிங் பண்ண ஆளில்லை. மாசச் சம்பள வேலை. எங்க, ஒரு சிப் வச்சுக் காட்டுங்க.”

பாண்டீஸ்வரன் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

மாரீஸ்வரி முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். சால்டரிங் கோலைத் தொட்டதும் நடுக்கம் நின்றது.